அரேனி மலையில ஒரு குடும்பத்து ஒயின் தோட்டம்: பார்த்துட்டு வந்ததைச் சொல்றேன், ஒரு கேள்வியும் இருக்கு

கம்பத்துக்காரர்

எல்லாருக்கும் வணக்கம். இங்க நான் இதுவரைக்கும் கவாத்து, சாம்பல் நோய், வியாபாரி விலை இதைத்தான் எழுதியிருக்கேன். இது வேற விஷயம், கொஞ்சம் நீளமும்கூட.

நம்ம தோட்டம் கம்பம் பக்கம். பன்னீர் திராட்சை, ரெண்டு ஏக்கர், கல்தூண் பந்தல். மகள் ஆர்மீனியாவுல, எரெவான்ல டாக்டருக்குப் படிக்கிறா. போன அக்டோபர்ல நானும் வீட்டுக்காரம்மாவும் அவளைப் பார்க்கப் போனோம். கோயில், கோட்டை எல்லாம் காட்டினா. மூணாவது நாள், "அப்பா, உனக்குப் பிடிச்ச இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்"ன்னு அரேனிக்குக் கூட்டிட்டுப் போனா. அவகூடப் படிக்கிற பொண்ணோட பெரியப்பா வீடு அங்க. குடும்பமா ஒயின் போடுறாங்க.

எரெவான்ல இருந்து தென்கிழக்கா ஒரு நூத்திப்பத்து கிலோமீட்டர். வலது கைப்பக்கம் அராரத் மலை பனியோட கூடவே வருது. அப்புறம் ரோடு மலை ஏறி இறங்கினா மரமே இல்லாத செம்மண் பாறைப் பள்ளத்தாக்கு. வயோத்ஸ் ஸோர்னு பேரு. வேதனைப் பள்ளத்தாக்குன்னு அர்த்தமாம். ரோட்டோரம் வரிசையா கடை. மேசை மேல கோலா பாட்டில்ல கறுப்பா என்னமோ ஊத்தி வெச்சிருக்காங்க. அது கோலா இல்ல, வீட்டு ஒயின். அந்த ரோடு நேரா ஈரானுக்குப் போகுது. லாரிக்காரங்க எல்லையில மாட்டாமக் கொண்டுபோகணும்னே அந்த பாட்டில்ல அடைக்கிறாங்கன்னு மகள் சொன்னா.

தோட்டத்து வாசல்லயே மூத்த மகன் என்னை நிறுத்திட்டார். "உங்க ஊர்ல திராட்சை இருக்குன்னு சொன்னாங்களே, இந்தச் செருப்போடயா அந்தத் தோட்டத்துல நடப்பீங்க?"ன்னு கேட்டார். ஆமான்னேன். உடனே உள்ளே போய் ரப்பர் பூட்ஸ் எடுத்துட்டு வந்து கொடுத்தார். எதுக்குன்னு அப்போ புரியல.

பந்தல் கிடையாது. கொடி இடுப்பு உயரத்துல நிக்குது. அடி மரம் என் தொடை கனம், முறுக்கின கயிறு மாதிரி. ஒரு இடத்துல கொடி செத்துப் போய் நடுவுல இடைவெளி. பக்கத்துக் கொடியில இருந்து ஒரு நீளக் கிளையை வளைச்சு, மண்ணுக்குள்ள புதைச்சு, நுனியை மட்டும் அந்த இடைவெளியில வெளியே எடுத்து விட்டிருந்தாங்க. பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. எங்க அப்பா மல்லிக்கும் முல்லைக்கும் போடுற அதே பதியம்! நான் குனிஞ்சு அந்த மண்ணைத் தொட்டு, கையால வளைச்சுக் காட்டினேன். அவர் சிரிச்சு என் தோள்ல தட்டினார். அப்புறம் மொழிபெயர்ப்புக்கு மகளைத் தேடவே இல்ல நாங்க.

அரேனிங்கறது ஊர்ப் பேரு, திராட்சைக்கும் அதே பேரு. தோல் கெட்டி. பகல்ல வெயில் சுள்ளுன்னு அடிக்குது, சாயந்தரம் ஸ்வெட்டர் இல்லாம நிக்க முடியல. பழத்துல இனிப்பும் இருக்கு, புளிப்பும் குறையல. நம்ம ஊர்ல ராத்திரியும் புழுங்குறதால புளிப்பு அப்படி நிக்காது.

வீட்டுக்குக் கீழே நிலவறை. அதுக்கு மாரான்னு சொல்றாங்க. பாதி மண்ணுல புதைஞ்ச நாலு பெரிய மண் சாடி, பேரு கராஸ். ஒண்ணுக்குள்ள ஆள் இறங்கலாம். அதுல ரெண்டுதான் இப்போ புழக்கத்துல இருக்கு. ஒண்ணு வெடிப்பு விட்டது, இன்னொண்ணு காலி. அந்த வீட்டுப் பாட்டி காலிச் சாடியை விரல் முட்டியால தட்டிக் காதைக் கிட்ட வெச்சுக் கேட்டாங்க. நம்ம வீட்டுல பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிறமே, அதே மாதிரி. மத்த சாடியில திராட்சைத் தோல் மேலே மிதந்து கனமா ஆடை கட்டியிருந்தது. மூத்தவர் நீளக் கட்டையால அதைக் குத்திக் குத்தி உள்ளே அமுக்கினார். ஒவ்வொரு குத்துக்கும் கீழ இருந்து நுரை பொங்கி வர்ற சத்தம், புளிச்ச மாவு பொங்குற சத்தமேதான்.

இப்போ என் கேள்வி. வெளியே ஒரு பலகையில "6,000 வருஷப் பாரம்பரியம்"னு எழுதியிருந்தது. கிளம்பும்போது நேரடியாவே கேட்டேன், உங்க தாத்தாவும் இதே மாதிரி ஒயின் வித்தாரான்னு. "இல்ல. தாத்தா பழத்தை அரசாங்க ஃபேக்டரிக்குக் கொடுத்தார். அப்பாவும் அப்படித்தான். நான் ரஷ்யாவுல கட்டட வேலைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து இதை ஆரம்பிச்சுப் பன்னெண்டு வருஷம்தான் ஆகுது"ன்னார்.

அப்போ அந்த 6,000 வருஷம் எங்க போச்சு? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

மண்பானை

கம்பத்துக்காரர் ஐயா, அருமையான பதிவு. பலகையில் இருப்பது பொய் அல்ல. ஆனால் அது அந்தக் குடும்பத்தின் வயது அல்ல, அந்தப் பள்ளத்தாக்கின் வயது.

அரேனி ஊரை ஒட்டி, நோராவாங்க் மடத்துக்குத் திரும்பும் இடத்தில் ஒரு குகை இருக்கிறது. ஆய்வாளர்கள் அதற்கு வைத்த பெயர் அரேனி-1. 2007இல் தோண்டத் தொடங்கினார்கள். போரிஸ் காஸ்பரியான், கிரெகரி அரெஷியான், ரான் பின்ஹாசி மூவரும் முன்னின்று நடத்தியவர்கள். ஏறக்குறைய ஒரு மீட்டர் அளவுள்ள, களிமண் பூசிய ஆழமில்லாத தொட்டி அங்கே கிடைத்தது. அதில் திராட்சையைக் காலால் மிதித்தால் சாறு சரிந்து, பக்கத்தில் தரையில் புதைத்திருந்த 60 சென்டிமீட்டர் ஆழச் சாடிக்குள் இறங்கும். சாடி பிடிப்பது ஐம்பது லிட்டர் சொச்சம். சுற்றிலும் விதை, காம்பு, பிழிந்த சக்கை. சாடித் துண்டுகளில் மால்விடின் என்ற நிறமியின் தடயம் இருந்தது. கறுப்புத் திராட்சைக்கு நிறம் கொடுக்கிற பொருள் அது. காலம் சுமார் கி.மு. 4100. 2011 ஜனவரியில் ஆய்வு வெளியானது. நமக்குத் தெரிந்தவரை முழுமையாகக் கிடைத்த மிகப் பழைய ஒயின் ஆலை இதுதான்.

என்னை நிறுத்திய செய்தி வேறு. அந்தத் தொட்டியைச் சுற்றி ஈமச் சாடிகள் இருந்தன. அங்கே செய்த ஒயின் அன்றாடக் குடிக்கு அல்ல, இறந்தவர்களுக்கான சடங்குக்கு என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அதே குகையில் கிடைத்த தோல் செருப்புக்கு 5,500 வயது. சாணம் மூடிக் காய்ந்து போனதால் கட்டுக்கயிறு உட்படக் கெடாமல் இருந்தது.

அதன் பிறகும் சங்கிலி நீள்கிறது. எரெவானை ஒட்டி, உரார்ட்டு என்ற பழைய அரசின் கர்மீர் புளூர் கோட்டையில், கி.மு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிடங்குகளில் நூற்றுக்கணக்கான கராஸ்கள் வரிசையாகப் புதைந்திருந்தன. ஒவ்வொன்றின் மேலும் கொள்ளளவு பொறித்திருந்தார்கள். அரேனி ஊர்த் தேவாலயம் 1321இல் மோமிக் என்ற சிற்பி கட்டியது. மலைச்சரிவுகளில் பாறையில் குடைந்த மிதிதொட்டிகள் உண்டு, அவற்றுக்கு ஹ்ன்ஸான் என்று பெயர்.

ஒரு சின்ன உறவு, சொல்லாமல் இருக்க முடியவில்லை. சென்னைப் பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு இருக்கிறதே, அங்கே அரண்மனை எதுவும் இல்லை. ஆர்மீனியன் தெரு என்பதுதான் நம் வாயில் அப்படி ஆனது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் அச்சானது 1794இல் நம் சென்னையில்தான்.

---

துபாய் சிவா

நான் ஹோட்டல்ல ஒயின் பரிமாறுற வேலையில இருக்கேன், பதினாறு வருஷமாச்சு. மண்பானை ஐயா சொன்ன சங்கிலி எங்க அறுந்ததுன்னு நான் சொல்றேன்.

சோவியத் காலத்துல யார் என்ன செய்யணும்னு மாஸ்கோ பிரிச்சுக் கொடுத்துச்சு. ஜார்ஜியாவுக்கு ஒயின், ஆர்மீனியாவுக்கு பிராந்தி. எரெவான்ல 1887இலேயே பிராந்தி ஃபேக்டரி வந்தாச்சு, அது பேரு உலகம் முழுக்கப் பரவியிருந்தது. அதனால மலைத் தோட்டத்துப் பழமும் கூட்டுப் பண்ணை வழியா ஃபேக்டரிக்கே போச்சு. பிராந்திக்கு வேணும்னா எடைதான் கணக்கு. எந்த ஊரு, எந்தச் சரிவு, எத்தனை வயசுக் கொடின்னு யாரும் கேட்க மாட்டாங்க. 1985ல கோர்பச்சேவ் மதுவுக்கு எதிரா கெடுபிடி கொண்டு வந்தப்போ தோட்டங்களைப் பிடுங்கவும் செஞ்சாங்க. 1991ல நாடு தனியானதும் நிலத்தைத் துண்டு துண்டாக் குடும்பங்களுக்குக் கொடுத்தாங்க. வேலை இல்ல, கரண்ட் இல்ல. பாதி ஊர் ரஷ்யாவுக்குப் போச்சு. நீங்க பார்த்த மூத்தவர் கதையே அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க இருக்கு.

இதுக்கு நடுவுல வீட்டுக்கு வீடு நிலவறையில தங்களுக்குன்னு போட்ட ஒயின் மட்டும் நிக்கல. அதுதான் நூல்.

திருப்பம் எங்கன்னு கேட்டா, ஸோரிக் கரிபியான்னு ஒருத்தர். ஆர்மீனியக் குடும்பம், இத்தாலியில வளர்ந்தவர், மிலான்ல ஃபேஷன் தொழில். சொந்த ஒயினரிக்கு இத்தாலியிலேயே இடம் வாங்கியிருக்கலாம். 2000த்துல வயோத்ஸ் ஸோர்ல ரிண்ட்ங்கற கிராமத்துல, 1,400 மீட்டர் உயரத்துல நிலம் வாங்கினார். ஸோரான்னு பேரு வெச்சார். அரேனித் திராட்சைதான் போடுவேன்னு உறுதியா நின்னார். ஓக் பீப்பாய் வேணாம், கராஸ் வேணும்னார். ஆனா கராஸ் வனையுற ஆள் அநேகமா இல்ல. ஊர் ஊராப் போய்ப் பழைய வீடுகள்ல கிடந்ததை வாங்கிச் சேர்த்தார். முதல் அறுவடை ஒயின், கராஸி 2010. அதை வெளியிட்ட 2012லேயே புளூம்பெர்க் அந்த வருஷத்தோட சிறந்த பத்து ஒயின்ல ஒண்ணாச் சேர்த்துச்சு. பத்து வருஷம் ஒரு பாட்டில்கூட விக்காம மலையில காசைப் போட்டுக் காத்திருந்த மனுஷன். அதுக்கப்புறம்தான் பக்கத்து ஊர்க் குடும்பங்களுக்கும் நம்ம பழத்தை ஏன் எடைக்குப் போடணும்னு தோண ஆரம்பிச்சுது.

இன்னொரு குடும்பம், அப்பா மகள். வாஹே கெவுஷ்கெரியான், கச்சிக் கிராமத்துல 1,750 மீட்டர்ல இருக்கிற பழைய கொடிகள்ல இருந்து கெவுஷ்னு நுரைக்கிற ஒயின் செய்யறார். நூறு வயசு தாண்டின கொடிகள். அஜர்பைஜானைச் சேர்ந்த நக்சிவானோட எல்லை அங்க கண்ணுக்கு எட்டுற தூரம். மகள் ஏமி 2017ல இருந்து ஸுலால்னு தனியா ஒண்ணு நடத்துறாங்க. உள்ளூர்த் திராட்சை மட்டும்தான்.

---

மண்பானை

சிவா தம்பி சொன்ன "நூல்" சரியான சொல். தொடர்ச்சி என்றால் கடையும் பலகையும் தொடர்ந்து இருப்பது அல்ல. வீட்டுக்கு ஒரு சாடி என்று அது பிழைத்திருக்கிறது.

---

வேர்மருத்துவி

பயிர் நோயியல் படித்தவள் என்ற முறையில் அந்த ரப்பர் பூட்ஸுக்கு விளக்கம் சொல்லியே ஆக வேண்டும்.

ஃபிலாக்ஸெரா என்று ஒரு பூச்சி. அசுவினி இனத்துக்கு உறவு. மஞ்சளாக, கடுகைவிடச் சின்னதாக இருக்கும். திராட்சை வேரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். அது போட்ட காயம் வழியே பூஞ்சை ஏறி வேர் அழுகும். வட அமெரிக்காவில் பிறந்த பூச்சி என்பதால் அந்த ஊர்க் காட்டுத் திராட்சை அதற்குத் தாங்கும், ஐரோப்பியத் திராட்சை தாங்காது. 1860களில் பிரான்சுக்குள் நுழைந்து, சில பத்தாண்டுகளில் ஐரோப்பாவின் பெரும்பாலான தோட்டங்களைக் கொன்றது. அமெரிக்க வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் தப்பித்தார்கள். இன்று உலகில் நடும் திராட்சையில் பெரும்பங்கு ஒட்டுக் கன்றுதான். நம் நாட்டிலும் டாக்ரிட்ஜ் என்ற வகையின் வேரில் ஒட்டுகிறோம், ஆனால் அது உப்பு, வறட்சி, நூற்புழு தாங்குவதற்காக.

வயோத்ஸ் ஸோரில் பெரும்பாலும் கொடிகள் சொந்த வேரிலேயே நிற்கின்றன. உயரம், கடுங்குளிர், கல்லும் மணலுமான மண், வெளியுலகத் தொடர்பு குறைவு எல்லாம் சேர்ந்து பூச்சியைத் தள்ளி வைத்திருக்கின்றன. ஆர்மீனியாவின் வேறு சில பகுதிகளில் பூச்சி உண்டு. அதனால்தான் வெளியூர்த் தோட்டத்து மண் செருப்பில் வருவதை அவர் அவ்வளவு கறாராகத் தடுத்திருக்கிறார்.

ஐயா பார்த்துச் சிலிர்த்த பதியமும் இதோடு சேர்ந்த விஷயம். ஒட்டுக் கட்டிய தோட்டத்தில் மேல் கிளையைப் புதைத்தால், வேர் பிடிப்பது ஐரோப்பியக் கொடியிலிருந்து, பூச்சி வந்தால் அந்தக் கொடி செத்துவிடும். அதனால் ஐரோப்பாவில் இந்தப் பழக்கத்தைக் கைவிட்டார்கள். சொந்த வேரில் நிற்கும் ஊரில்தான் தாய்க்கொடியிலிருந்தே அடுத்த கொடியை எடுக்க முடியும். கொடி சாகும், அதன் கிளை பக்கத்தில் வேர்விடும், அது சாகும்போது அதன் கிளை. அந்தத் தோட்டத்தில் இன்று நிற்கும் கொடி எத்தனையாவது தலைமுறைப் பதியம் என்று அந்தக் குடும்பத்துக்கே தெரியாமல் இருக்கலாம். பலகையில் எழுதத் தகுந்தது இதுதான் என்பேன்.

2023 மார்ச்சில் மரபணு ஆய்வு ஒன்று வந்தது, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட திராட்சை மாதிரிகளை வைத்து. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பு மேற்காசியாவிலும் தென் காக்கசஸிலும் தனித்தனியாகத் திராட்சையை வீட்டுப் பயிராக்கினார்கள் என்று அது சொல்கிறது. உலகம் முழுக்கப் பரவியது மேற்காசிய வழி. காக்கசஸ் வழி பெரும்பாலும் அந்த மலைகளை விட்டு வெளியே போகவில்லை.

---

ரொறன்ரோ தேவி

எல்லாரும் ஆர்மேனியாவைப் பற்றியே எழுதுறீங்கள். ஜோர்ஜியாவையும் ஒருக்கா சொல்லவேணும். நான் 2018 இல அவரோட ககேத்திக்குப் போனனான். அங்க வைன் 8,000 வருசம் எண்டு சொல்லுவினம். கடச்ரிலி கோராவில கிடைச்ச சாடித் துண்டுகளில திராட்சை அமிலம் இருந்ததெண்டு 2017 இல நிரூபிச்சவை. அப்ப காலத்தால ஜோர்ஜியா முந்தி. அரேனியில கிடைச்சது முழு ஆலை. ரெண்டையும் போட்டு அடிபடத் தேவையில்லை.

அங்க சாடிக்குப் பேர் க்வெவ்ரி. கராஸ் மாதிரிப் பாதி வெளியில நிக்காது, கழுத்து வரைக்கும் மண்ணுக்குள்ள. வர்திசுபானி எண்ட ஊரில ஒரு குயவர் செய்யிறதைப் பார்த்துக்கொண்டு நிண்டனான். களிமண்ணைத் திரிச்சு வட்டம் வட்டமா அடுக்குவார். ஒரு நாளைக்கு ஒரு சாண்கூட உயராது. அடுத்த வட்டத்துக்குக் கீழ் வட்டம் காய்ஞ்சு பிடிக்கவேணும். ஒரு சாடி எழும்பக் கிழமைக்கணக்கு. சூளையில சுட்டு, சூடு ஆறமுன்னம் உள்ளுக்கு தேன்மெழுகு பூசுவினம். 2013 இல யுனெஸ்கோ இந்த முறையைப் பட்டியலில சேர்த்தது. 2006 இல ரஷ்யா அவையின்ர வைனைத் தடை செய்தபோது பெரிய கொம்பனிகள் தடுமாற, சின்னக் குடும்பங்கள் இந்தச் சாடி வைனாலதான் ஐரோப்பாவில பேர் எடுத்தவை.

ஆனா நான் எழுத வந்தது வேற. துபாய்த் தம்பி எல்லையைப் பற்றிச் சொன்னார். ஆர்மேனியாவும் அஜர்பைஜானும் அடிபட்ட கராபாக்கில தோக் எண்டு ஒரு ஊர். அங்க அவெதிஸ்யான் குடும்பம் கதாரோ எண்டு ஒரு வைன் செய்தது. ஹ்ந்தொக்னி எண்ட அந்த மண்ணின்ர திராட்சை. 2020 போரில அந்த ஊர் அஜர்பைஜானுக்குக் கைமாறிப் போச்சு. 2023 செப்ரெம்பரில ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆர்மேனியர் ஒரு கிழமைக்குள்ள கராபாக்கை விட்டு வெளிக்கிட்டவை. அறுவடைக் காலம். குலை கொடியில நிக்க விட்டிட்டு வந்திருப்பினம்.

எங்கட வளவிலயும் முந்திரிகைப் பந்தல் இருந்தது, யாழ்ப்பாணத்தில, வலிகாமம் வடக்கில. திராட்சையைத்தான் நாங்கள் முந்திரிகை எண்டு சொல்லுறது. 1990 இல வெளிக்கிட்டனாங்கள். அம்மா கடைசிவரைக்கும் கேட்டது வீட்டை இல்லை. "அந்தப் பந்தலுக்கு ஆர் தண்ணி விடுறது" எண்டுதான் கேட்டவ. கம்பத்து அண்ணா பதியத்தைப் பற்றி எழுதினதை வாசிக்க எனக்கு அழுகை வந்திட்டுது. ஒரு கிளையாவது கொண்டு வந்திருக்கலாம்.

---

கம்பத்துக்காரர்

தேவி அம்மா, உங்க பதிவைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத ஓடல. வீட்டுக்காரம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினேன்.

அந்த மூத்தவர் தோட்டத்தோட மேல் கோடியில நின்னு தூரத்து மலையைக் காட்டி, அதுக்கு அந்தப் பக்கம் எல்லைன்னார். மேல இருக்கிற ரெண்டு வரிசைக்கு மட்டும் அவர் கம்பி கட்டல. ஏன்னு கேட்டதுக்குத் தோளைக் குலுக்கிட்டு ஒண்ணும் சொல்லல.

வேர்மருத்துவி மேடம், பதியத்துக்கும் பூட்ஸுக்கும் இப்போதான் முடிச்சு அவிழ்ந்தது. அவருக்கு மகள் மூலமா எழுதிச் சொல்லிட்டேன், உங்க பலகையை மாத்துங்கன்னு.

---

மேலூர் அன்பழகன்

மன்னிக்கணும், எனக்கு இந்த இழை சங்கடமா இருக்கு. 6,000 வருஷம், மண் சாடி எல்லாம் சரி. கடைசியில இது சாராயம்தானே? என் அண்ணன் குடிச்சே செத்தான், நாப்பத்தொரு வயசுல. அண்ணி ரெண்டு பிள்ளையோட இட்லிக் கடை போட்டுப் பிழைக்குது. ஒரு குடும்பம் சேர்ந்து மது காய்ச்சுறதை நாம எல்லாரும் உச்சுக் கொட்டிப் புகழணுமா? கோவிச்சுக்காதீங்க, கேட்கணும்னு தோணுச்சு.

---

கம்பத்துக்காரர்

அன்பழகன் தம்பி, இதுல கோவிக்க ஒண்ணுமே இல்ல. எங்க தெருவுலயும் மூணு வீடு அப்படிப் போச்சு. கூலியை வாங்கின கையோட நேரா கடைக்குப் போறவங்களை நானும் வேலைக்கு வெச்சிருக்கேன். நீங்க கேட்டது நியாயம்.

நான் பார்த்ததை மட்டும் சொல்றேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். லவாஷ் ரொட்டி, சீஸ், கீரை, அடுப்புல சுட்ட கறி. எல்லார் முன்னாடியும் சின்னக் கிளாஸ். யாரும் எடுத்தவுடனே குடிக்கல. ஒருத்தர் எழுந்து யாரையாவது நினைச்சு நாலு வார்த்தை பேசணும், அப்புறம்தான் ஒரு வாய். மூத்தவர் செத்துப்போன அப்பாவை நினைச்சுப் பேசினார். பாட்டி என் மகளோட படிப்புக்காகப் பேசினாங்க. எனக்குப் பழக்கம் இல்லன்னு சொன்னதும் திராட்சைச் சாறு ஊத்திக் கொடுத்துட்டாங்க, ஒருத்தரும் வற்புறுத்தல. என்னைப் பேசச் சொன்னாங்க. நான் எங்க அப்பாவையும் அவர் போட்ட பந்தலையும் பத்திச் சொன்னேன். மகள் மொழிபெயர்க்கும்போது குரல் அடைச்சுப்போச்சு.

ஆகஸ்ட் நடுவுல சர்ச்ல திராட்சையை மந்திரிச்சுக் கொடுக்கிற நாள் ஒண்ணு உண்டாம். அது வரைக்கும் புதுப் பழத்தை வாயில வைக்காதவங்க இன்னமும் இருக்காங்களாம்.

அந்த நாட்டுலயும் குடிச்சுக் கெட்ட வீடு இருக்கும், இல்லைன்னு நான் சொல்ல வரல. நான் புகழ்றது குடியை இல்ல தம்பி. எங்க ஊர்ல வியாபாரி தோட்டத்து வாசல்ல நின்னு சொல்றதுதான் விலை. மழை வந்து பழம் வெடிச்சா அதுவும் இல்ல. அந்த மனுஷன் தன் பழத்துக்குத் தானே விலை சொல்றான். அதுக்காக ரஷ்யாவுல இருந்து திரும்பி வந்து பொண்டாட்டி பிள்ளையோட இருக்கான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

---

மேலூர் அன்பழகன்

புரியுதுண்ணே. திராட்சைச் சாறு கொடுத்தாங்கன்னு சொன்னீங்களே, அது மனசுக்கு நல்லா இருந்துச்சு.

---

துபாய் சிவா

அண்ணே, யாராவது "கம்பத்துலயும் இப்படிச் செய்யலாமே"ன்னு கேட்கும் முன்னாடி நானே சொல்லிடறேன். நம்ம மாநிலத்துல 2003ல இருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில. தோட்டத்து வாசல்ல பாட்டில் வெச்சு விக்கிற வழி சின்ன விவசாயிக்கு இல்ல. பன்னீர் திராட்சையும் முக்கியமாச் சாப்பிடுற பழம். அரேனி மாதிரி சின்னப் பழம், கெட்டித் தோல் கிடையாது.

ஆனா அந்தக் குடும்பம் ஒயின் மட்டுமா விக்குது? ரோட்டோரக் கடையில கயித்துல வால்நட் கோர்த்துப் பழுப்பா தொங்குச்சே, பார்த்தீங்களா?

---

கம்பத்துக்காரர்

பார்த்தேன்! முதல்ல தொத்திறைச்சின்னு நினைச்சு வீட்டுக்காரம்மா தள்ளி நின்னுட்டா. வால்நட்டை நூல்ல கோர்த்து, மாவு சேர்த்துக் கொதிக்கிற திராட்சைச் சாறுல முக்கி முக்கிக் காய வைக்கிறது. அந்த வீட்டுலயும் வெராண்டா முழுக்கத் தொங்குச்சு. அப்புறம் டோஷாப்னு ஒண்ணு. சாறை வெறுமனே காய்ச்சிக் காய்ச்சிப் பாகு எடுக்கிறது, சர்க்கரையே போடாம. பாட்டி சளிக்கு நல்லதுன்னு ஒரு பாட்டில் கொடுத்து விட்டாங்க. ஒயினுக்கு ஆகாத கொத்து எல்லாம் இதுக்குத்தான் போகுது. ஒரு பழம்கூட வீணாகல. ஒரு ரூபா ரெண்டு ரூபாய்க்குக் கேட்கிறாங்கன்னு நாம ரோட்டுல கொட்டிட்டு வர்ற நாள் ஞாபகம் வந்துச்சு.

ஊருக்கு வந்ததும் பத்து கிலோ பழத்தைப் பிழிஞ்சு பித்தளை அண்டாவுல காய்ச்சிப் பார்த்தோம். ஒன்றரைக் கிலோ போலப் பாகு வந்தது. நிறம் நல்ல கருஞ்சிவப்பு, வாசனை வீடு முழுக்க. ஆனா புளிப்பு தூக்கலா இருக்கு, தொண்டையில பிடிக்குது. பாட்டி கொடுத்தது அப்படி இல்ல. எங்க தப்புன்னு தெரியல.

---

வேர்மருத்துவி

முதலில் பித்தளை அண்டாவை விடுங்கள் ஐயா. ஈயம் பூசாத பித்தளையில் புளிப்புச் சாறு கொதித்தால் செம்பு இறங்கும். எவர்சில்வரில் காய்ச்சுங்கள்.

புளிப்புக்குக் காரணம், சாறு வற்ற வற்ற இனிப்போடு அமிலமும் சேர்ந்து கெட்டியாவதுதான். துருக்கியில் இதே பாகுக்குப் பெக்மெஸ் என்று பெயர். அவர்கள் காய்ச்சும் முன்பு சுண்ணாம்புச் சத்துள்ள ஒரு வெள்ளை மண்ணைச் சாறில் கலந்து லேசாகச் சூடாக்குவார்கள். அமிலம் அதோடு சேர்ந்து அடியில் படியும். தெளிந்ததை இறுத்து எடுத்துக் காய்ச்சுவார்கள். நீங்கள் மண்ணைத் தேட வேண்டாம். உணவுத் தரக் கால்சியம் கார்பனேட் கடையில் கிடைக்கும். லிட்டருக்கு ஒரு கிராமில் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டுங்கள். இராத்திரி முழுக்கத் தெளிய விடுங்கள். பழத்தையும் இன்னும் ஒரு வாரம் கொடியில் விட்டு வெட்டினால் புளிப்பு தானாகவே இறங்கும்.

---

ரொறன்ரோ தேவி

சரிவந்தால் எனக்கு ஒரு போத்தல் வேணும் அண்ணா. காசு அனுப்புறன்.

---

கம்பத்துக்காரர்

தேவி அம்மா, மேடம், ரெண்டாவது தடவை நேத்து போட்டோம். எவர்சில்வர் அண்டா. தெற்கு வரிசையில பத்து நாள் கூடுதலா விட்டு வெட்டின பழம். நீங்க சொன்ன பொடியை லிட்டருக்கு ஒண்ணரை கிராம் போட்டு இராத்திரி வெச்சேன். காலையில அடியில மணல் மாதிரி வெள்ளையாப் படிஞ்சிருந்தது. மேலாப்ல இறுத்துக் காய்ச்சினோம், அஞ்சு மணி நேரம்.

புளிப்பு நிக்குது, ஆனா தொண்டையில பிடிக்கல. வீட்டுக்காரம்மா தோசைக்குத் தொட்டுப் பார்த்துட்டு ரெண்டாவது தோசை கேட்டா. பாட்டி கொடுத்த பாட்டிலையும் பக்கத்துல வெச்சு ருசி பார்த்தோம். அவங்களுது இன்னும் கொஞ்சம் புகை வாசனையா இருக்கு, விறகடுப்பா இருக்கும். அடுத்த வெட்டு தை மாசம். கொட்டாய்க்குப் பின்னாடி விறகடுப்பு கட்டச் சொல்லியிருக்கேன்.

மகள் இன்னைக்கு போட்டோ அனுப்பினா. அங்க பனி விழுந்திருச்சு. காலியா இருந்த அந்த மூணாவது கராஸை மூத்தவர் கழுவி, இந்த வருஷ ஒயினை அதுல நிரப்பி மூடிட்டாராம். பாட்டி தட்டிப் பார்த்துச் சரின்னு சொன்னதுக்கு அப்புறமாத்தான்.